டேனிஷ் குரோனர்: 7.46 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்

டென்மார்க் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. ஷெங்கன் விசாவில் போய் வரலாம். ஜெர்மனியிலிருந்து காரிலோ ரயிலிலோ எல்லை தாண்டிப் போகலாம். ஆனால் அங்கே பணம் யூரோ இல்லை, குரோனர். இது தெரியாமல் யூரோவை மட்டும் மாற்றிக்கொண்டு கோபன்ஹேகனில் இறங்கி, விமான நிலையத்திலேயே அவசரமாக இன்னொரு முறை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். விமான நிலையக் கவுண்டர்கள் இந்த அவசரத்தை நம்பித்தான் திறந்திருக்கின்றன என்று எனக்கு ஒரு எண்ணம்.

குரோனரில் பயணிக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. அதன் மதிப்பு யூரோவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு யூரோவுக்கு 7.46 குரோனர். இன்றைக்கும் அதுதான், போன வருடமும் ஏறக்குறைய அதுதான். இந்த ஒரு எண் மனதில் இருந்தால் எந்தக் கவுண்டரில், எந்த மெஷினில், எந்த ஆப்பில் உங்களிடம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். வேறு நாட்டுப் பணத்தில் அன்றைய விலையைத் தேடிப் பார்த்தால்தான் அது முடியும்.

ஏன் இப்படிப் பிணைத்தார்கள்?

அவசரத்தில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் தெரிந்துகொண்டால் 7.46 மீது நம்பிக்கை வரும்.

1970களில் டென்மார்க் தன் பணத்தின் மதிப்பை அடிக்கடி குறைத்துக்கொண்டிருந்தது. விலைவாசியும் வட்டியும் ஏறின. 1982இல் புதிதாக வந்த அரசாங்கம் இனிமேல் மதிப்பைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்து, குரோனரை ஜெர்மன் மார்க்கோடு சேர்த்துக் கட்டியது. 1999இல் யூரோ வந்ததும் மார்க்கின் இடத்தில் யூரோ உட்கார்ந்தது. மைய மதிப்பு ஒரு யூரோவுக்கு 7.46038 குரோனர். அதிலிருந்து மேலே 2.25%, கீழே 2.25% வரை நகரலாம் என்பது ஒப்பந்தம். முளையில் கட்டிய மாடு மாதிரி, கயிறு அவ்வளவு நீளம். ஆனால் இந்த மாடு கயிற்றின் நுனி வரைக்கும் போவதே இல்லை, முளையை ஒட்டியே மேய்கிறது. ஒப்பந்தப்படி 7.29இலிருந்து 7.63 வரை போகலாம் என்றாலும், நடைமுறையில் 7.43க்கும் 7.47க்கும் இடையில்தான் பெரும்பாலும் நிற்கிறது.

இதைக் காப்பது டென்மார்க்கின் மத்திய வங்கியான டான்மார்க்ஸ் நேஷனல்பாங்க். குரோனருக்குக் கிராக்கி கூடினால் குரோனரை விற்று யூரோ வாங்கும், குறைந்தால் கையிருப்பு யூரோவை விற்றுக் குரோனர் வாங்கும். அதோடு வட்டியையும் ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டியை ஒட்டியே வைத்திருக்கும். 2015 ஜனவரியில் இதற்கு ஒரு பெரிய சோதனை வந்தது. சுவிட்சர்லாந்து தன் பிராங்குக்கு யூரோவுக்கு எதிராக வைத்திருந்த வரம்பைத் திடீரென்று கைவிட்டது. அடுத்தது டென்மார்க்தான் என்று உலகம் முழுக்க முதலீட்டாளர்கள் குரோனரை வாங்கிக் குவித்தார்கள். நேஷனல்பாங்க் சில வாரங்களுக்குள் வட்டியை நான்கு முறை வெட்டி மைனஸ் 0.75% வரை கொண்டுபோனது. அரசுக் கடன் பத்திரம் விற்பதையே நிறுத்திவைத்தார்கள். பிணைப்பு அறுபடவில்லை.

‘அப்படியானால் யூரோவையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?’ என்று கேட்கத் தோன்றும். 2000 செப்டம்பர் 28 அன்று மக்களிடமே கேட்டார்கள். 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2026 ஜனவரியில் பல்கேரியாவும் யூரோவுக்கு மாறிய பிறகு, யூரோவில் சேராமல் இந்த முறையில் யூரோவோடு பிணைந்து நிற்பது டென்மார்க் மட்டும்தான்.

முதல் படி: மனக்கணக்கைப் பழக்குங்கள்

7.46ஐ வைத்து வகுப்பது கடினம். 7.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 குரோனர் என்றால் 10 யூரோ. 150 என்றால் 20 யூரோ. 300 என்றால் 40. கடையில் நிற்கும்போது இது போதும். வேறு தொகையாக இருந்தால் நாலால் பெருக்கி முப்பதால் வகுங்கள், அதே விடை வரும்.

ரூபாய்க்கு இன்னும் ஒரு அடி போக வேண்டும். அன்றைய யூரோ விலையை எடுத்து 7.46ஆல் வகுத்தால் ஒரு குரோனரின் விலை. யூரோ 95 ரூபாய் என்றால் குரோனர் 12 ரூபாய் 73 பைசா. யூரோ 100 ரூபாய் என்றால் 13 ரூபாய் 40 பைசா. இலங்கை ரூபாய், மலேசிய ரிங்கிட், சிங்கப்பூர் வெள்ளி எதுவானாலும் கணக்கு இதேதான். குரோனர் விலையைத் தனியாகத் தேடவே வேண்டாம், யூரோ விலை தெரிந்தால் போதும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை எடுத்துவிட வேண்டும். பிணைந்த பணம் என்றால் நிலையான பணம் என்று சிலர் நினைக்கிறார்கள். யூரோவுக்கு எதிராகத்தான் நிலையானது. ரூபாய்க்கு எதிராக யூரோ எப்படி ஆடுகிறதோ அப்படியே குரோனரும் ஆடும். 2025 தொடக்கத்தில் 90 ரூபாயை ஒட்டி இருந்த யூரோ அந்த ஆண்டு முடிவதற்குள் 100ஐத் தாண்டியது. குரோனரும் கூடவே ஏறியது. ஆகவே ரூபாய் வைத்திருப்பவர்கள் எப்போது மாற்றுவது என்று யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது. கையில் யூரோ வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். 7.43க்கும் 7.47க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் யூரோவுக்கு 40 குரோனர்தான், கோபன்ஹேகனில் ஒரு காபிக் காசு. நல்ல நாள் பார்த்துக் காத்திருப்பது வீண். எங்கே மாற்றுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டாம் படி: கிளம்பும் முன், ஊரில்

சென்னையிலோ திருச்சியிலோ பணமாற்றுக் கடையில் டாலர், யூரோ, பவுண்டு கேட்டால் உடனே கொடுப்பார்கள். குரோனர் கேட்டால் ‘சொல்லி வைங்க சார், வரவழைக்கணும்’ என்பதுதான் பதில். அப்படி வரவழைக்கும் பணத்துக்கு விலையும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் வாங்க ஆள் குறைவு. யூரோ நோட்டை வாங்கிக்கொண்டு போய் அங்கே குரோனராக மாற்றினால் இரண்டு இடத்தில் கமிஷன். இரண்டுமே எனக்குப் பிடித்த வழி இல்லை. டென்மார்க்கில் நோட்டுக்குத் தேவையே குறைவு என்பதால் அட்டையைச் சரிசெய்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

வங்கியின் ஆப்பைத் திறந்து, அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2020இலிருந்து இந்திய வங்கி அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்தே வருகின்றன. கடை, ஏடிஎம், ஆன்லைன், தட்டிப் பணம் கட்டுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கும். விமானம் ஏறிய பிறகு ஓடிபி வராமல் தவிப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து செய்வது மேல். அட்டையின் ரகசிய எண் (PIN) மனப்பாடமாக இருக்கட்டும்.

அடுத்தது மார்க்கப். சாதாரண இந்திய அட்டைகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை வங்கி எடுத்துக்கொள்ளும், அதன் மேல் ஜிஎஸ்டி. மார்க்கப் இல்லாத அட்டைகளும் இப்போது கிடைக்கின்றன. பல நாட்டுப் பணத்தை ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் அட்டை எடுப்பதாக இருந்தால், பட்டியலில் டேனிஷ் குரோனர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாத அட்டையில் யூரோவை ஏற்றிக்கொண்டு போனால், டென்மார்க்கில் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் யூரோவிலிருந்து குரோனருக்கு மாற்ற ஒரு கட்டணம் பிடிப்பார்கள். பிணைந்த பணம்தானே, சும்மா மாற்றிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கட்டணத்துக்கும் பிணைப்புக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு அட்டை எடுத்துப் போங்கள், ஒன்று விசா, இன்னொன்று மாஸ்டர்கார்டு என்றால் நல்லது. ரூபே அட்டையை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். யூபிஐயை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

நோட்டாகக் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம். மீதி அட்டையில்தான். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் எல்லாம் கேட்பார்கள். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டை வாங்கும் முன் பாருங்கள்: முகமா, பாலமா?

இது முக்கியம், கொஞ்சம் நின்று படியுங்கள். 2025 மே 31 வரைக்கும்தான் 1000 குரோனர் நோட்டு செல்லும் என்று நேஷனல்பாங்க் அறிவித்திருந்தது. அந்த நாள் போய்விட்டது. 1000 குரோனர் நோட்டு இப்போது எந்தக் கடையிலும் செல்லாது. அதே நாளோடு பழைய வரிசை நோட்டுகள் அத்தனையும் செல்லாதவை ஆகிவிட்டன.

பழையதையும் புதியதையும் பிரித்தறிவது சுலபம். பழைய வரிசையில் மனிதர்களின் முகம் இருக்கும். 500 குரோனரில் அணு விஞ்ஞானி நீல்ஸ் போர், 50இல் எழுத்தாளர் காரென் பிளிக்ஸென், 100இல் இசையமைப்பாளர் கார்ல் நீல்சென். இப்போது செல்லும் வரிசையில் ஒரு பக்கம் டென்மார்க்கின் பாலங்கள், மறுபக்கம் தொல்பொருள்கள். 200 குரோனரில் இருப்பது கோபன்ஹேகன் நகருக்குள்ளேயே இருக்கும் க்னிப்பெல்ஸ் பாலம், அதன் மேல் நடந்துகூடப் போகலாம். ஆக, முகம் இருந்தால் வாங்காதீர்கள், பாலம் இருந்தால் வாங்குங்கள், பாலமே இருந்தாலும் 1000 என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். செல்லுபவை 50, 100, 200, 500 நான்கு மட்டும்தான்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், குரோனர் அதிகம் கைமாறாத ஊர்களில் பழைய நோட்டு இழுப்பறையிலேயே கிடக்கும். விற்கிறவருக்கே தெரியாமல் உங்கள் கைக்கு வரலாம். இருபது வருடத்துக்கு முன் டென்மார்க் போய்வந்த சித்தப்பா அன்போடு எடுத்துக்கொடுக்கும் நோட்டும் இதே ரகம்தான்.

மூன்றாம் படி: இறங்கியதும்

கோபன்ஹேகனின் கஸ்ட்ரூப் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு மெட்ரோவும் ரயிலும் போகின்றன. டிக்கெட் மெஷினில் அட்டை எடுக்கும், ஆப்பிலும் வாங்கலாம். ஆகவே வெளியே வருவதற்கு நோட்டு தேவையில்லை. பணமாற்றுக் கவுண்டரைப் பார்த்ததும் கால் அந்தப் பக்கம் போகும். போகட்டும், ஆனால் பலகையைப் படிக்க மட்டும்.

டென்மார்க்கில் மாற்று விலையை நூறு அலகுக்குச் சொல்வது வழக்கம். பலகையில் யூரோவுக்கு நேராக 705 என்றும் 789 என்றும் இரண்டு எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு யூரோ நோட்டை நீங்கள் கொடுத்தால் 705 குரோனர் தருவார்கள், நூறு யூரோ நீங்கள் கேட்டால் 789 குரோனர் வாங்குவார்கள் என்று பொருள். இப்போது நம் எண்ணை எடுங்கள். நியாயமான மதிப்பு 746. நீங்கள் 200 யூரோ கொடுத்தால் உண்மையில் 1,492 குரோனர் வர வேண்டும். இவர்கள் கணக்கில் 1,410. கீழே சின்ன எழுத்தில் கட்டணம் 40 குரோனர் என்று இருந்தால் கைக்கு வருவது 1,370. போனது 122 குரோனர், அதாவது நூற்றுக்கு எட்டுக்கு மேல். ‘கமிஷன் கிடையாது’ என்று பெரிதாக எழுதியிருந்தால் அந்த 40 இல்லாமல் போகலாம், ஆனால் 705ஐ 690 ஆக்கியிருப்பார்கள். கமிஷன் பலகையைப் பார்க்காதீர்கள், கைக்கு வரும் தொகையைக் கேளுங்கள். அதை 7.46 கணக்கோடு ஒப்பிட்டால் போதும். நூற்றுக்கு இரண்டு மூன்று போனால் பரவாயில்லை. ஐந்தைத் தாண்டினால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

‘வங்கிக்குப் போனால் என்ன?’ டென்மார்க்கில் பல வங்கிக் கிளைகளில் நோட்டே கிடையாது. மேஜை இருக்கும், ஆலோசகர் இருப்பார், காசாளர் இருக்க மாட்டார். வாடிக்கையாளர் அல்லாதவருக்கு நோட்டு மாற்றிக்கொடுப்பார்கள் என்று போகாதீர்கள்.

நான்காம் படி: ஏடிஎம்மிலும் கார்டு மெஷினிலும் வரும் அந்தத் திரை

நோட்டு வேண்டுமென்றால் ஏடிஎம்தான். ஒரு தம்பதிக்கு ஒரு வாரத்துக்கு 500 குரோனர் தாராளம் என்பது என் கணிப்பு. டெபிட் கார்டில் எடுங்கள். கிரெடிட் கார்டில் நோட்டு எடுத்தால் அந்த நிமிடத்திலிருந்தே வட்டி ஓடும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தடவை எடுங்கள், ஒவ்வொரு தடவைக்கும் வங்கி தனிக் கட்டணம் வைத்திருக்கும்.

தொகையை அழுத்திய பிறகு சில மெஷின்கள் ஒரு கேள்வி கேட்கும். ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழித்துக்கொள்ளலாமா?’ என்பது கேள்வி. ரூபாயில் இவ்வளவு, விலை உறுதி, சம்மதமா என்று பச்சை எழுத்தில் அழகாக வரும். பக்கத்தில் சின்னதாகக் குரோனர் தொகை. கடையிலும் ஓட்டலிலும் கார்டு மெஷினை உங்கள் பக்கம் திருப்பும்போதும் இதே கேள்வி வரும். எப்போதும் குரோனரையே தேர்ந்தெடுங்கள். திரையில் டி.கே.கே. (DKK) என்ற மூன்றெழுத்துக் குறி இருக்கும் பொத்தான். ரூபாயில் சம்மதித்தால் மாற்று விலையை முடிவு செய்வது உங்கள் வங்கி அல்ல, அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அதற்கான லாபத்தைச் சேர்த்துத்தான் அந்த ‘உறுதியான’ விலை வருகிறது. ஏடிஎம்மில் ‘மாற்றம் வேண்டாம்’ என்று அழுத்தினால் பணமே வராதோ என்று பயந்து சிலர் சம்மதித்துவிடுகிறார்கள். வரும். குரோனர் கணக்கில் வரும்.

ஜெர்மனியிலோ பிரான்சிலோ இருந்து யூரோ அட்டையோடு வருகிறவர்களுக்கு இந்தத் திரைதான் பரீட்சை. ஒரு யூரோ எத்தனை குரோனர் என்று அதே திரையில் போட்டிருப்பார்கள். 7.46க்குப் பதில் 7.10 என்று இருந்தால் சிரித்துவிட்டுக் குரோனரை அழுத்துங்கள்.

பில்லில் ‘கெபியூர்’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால் அது அட்டைக் கட்டணம். ஐரோப்பிய மக்களின் சாதாரண அட்டைகளுக்கு இப்படிப் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியே கொடுத்த அட்டைகளுக்குப் போடலாம், சில கடைகள் போடவும் செய்கின்றன. சண்டை போட்டுப் பயனில்லை. பெரிய தொகையாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

யூரோ நோட்டை நீட்டினால்?

கோபன்ஹேகனில் நியூஹாவ்ன் கரையிலும் ஸ்ட்ரோய்யெட் கடைவீதியிலும் சில கடைகள் யூரோ வாங்கிக்கொள்ளும். கட்டாயம் இல்லை, அவர்கள் இஷ்டம். விலையும் அவர்கள் இஷ்டம். ஒரு யூரோவுக்கு 7 குரோனர் என்று வட்டமாக வைத்துக்கொண்டால் நூற்றுக்கு ஆறு அங்கேயே போயிற்று. மீதிச் சில்லறை குரோனரில் வரும். ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்குச் சரி, சாப்பாட்டுக்கு வேண்டாம்.

காசுகள்: அளவை நம்பாதீர்கள்

கையில் சில்லறை வந்ததும் உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். செம்பு நிறத்தில் இருப்பது 50 ஓரே, அதாவது அரைக் குரோனர். 100 ஓரே ஒரு குரோனர். வெள்ளி நிறத்தில், நடுவே ஓட்டையோடு இருப்பவை 1, 2, 5 குரோனர். பொன்னிறத்தில், ஓட்டை இல்லாமல் கெட்டியாக இருப்பவை 10, 20. இதில் குழப்பம் என்னவென்றால் அளவும் மதிப்பும் ஒத்துப்போகாது. 5 குரோனர் காசு 20 குரோனரைவிடப் பெரியது. 2 குரோனர் 10 குரோனரைவிடப் பெரியது. அரைக் குரோனர்கூட ஒரு குரோனரைவிடப் பெரியதுதான். அவசரத்தில் பெரிய காசைக் கொடுத்தால் போதும் என்ற பழக்கம் இங்கே உதவாது. நிறத்தைப் பாருங்கள், ஓட்டையைத் தடவுங்கள். பொன்னிறக் காசுகளில் முன்னாள் ராணி மார்கிரேத்தின் முகம் இருந்தால் பயப்பட வேண்டாம். அவர் 2024 ஜனவரியில் மகனுக்கு மணிமுடியைக் கொடுத்துவிட்டு இறங்கினார், ஆனால் காசு செல்லும்.

ஓட்டைக் காசுகளில் ஓட்டையைச் சுற்றி மணிமுடியோடு கூடிய எழுத்துச் சின்னம் இருக்கும், அது அரசரின் முத்திரை. இதே மாதிரி மணிமுடி போட்ட டேனிஷ் காசுகள் நம் தரங்கம்பாடியில் அச்சாகியிருக்கின்றன. 1620இலிருந்து 1845 வரை அந்த ஊர் டென்மார்க்காரர்கள் கையில்தான் இருந்தது. ஈயத்திலும் செம்பிலும் அடித்த அந்தக் காசுகளுக்கு அவர்கள் வைத்த பெயரே ‘காஸ்’தான். சரி, விஷயத்துக்கு வருவோம்.

25 ஓரே காசு 2008இலேயே ஒழிக்கப்பட்டது. ஆனால் விலைச் சீட்டில் 49,95 என்றுதான் போட்டிருக்கும். நோட்டில் கொடுத்தால் பக்கத்து 50 ஓரேக்கு வட்டமாக்கி 50 குரோனர் வாங்குவார்கள். அட்டையில் கொடுத்தால் சரியாக 49.95. விலைச் சீட்டில் புள்ளிக்கும் கமாவுக்கும் வேலை மாறியிருக்கும் என்பதையும் கவனியுங்கள். 1.250 என்றால் ஒன்றேகால் குரோனர் இல்லை, ஆயிரத்து இருநூற்று ஐம்பது. முழுத் தொகைக்குப் பின்னால் 45,- என்று கோடு போட்டிருந்தால் 45 குரோனர், ஓரே இல்லை என்று பொருள்.

போட்டிருக்கும் விலையில் 25% வரியும் சேர்ந்தே இருக்கும். பில்லில் திடீரென்று ஏறாது. டிப்ஸ் எதிர்பார்ப்பும் கிடையாது. கார்டு மெஷின் டிப்ஸ் கேட்டால் பூஜ்யம் போட்டுத் தாண்டிவிடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நோட்டும் காசும் எங்கேதான் தேவைப்படும்?

டென்மார்க்காரர்கள் தங்களுக்குள் மொபைல்பே என்ற ஆப்பில்தான் பணம் கொடுத்துக்கொள்கிறார்கள். நம்மூர் ஜிபே போலத்தான். ஆனால் அங்கே வங்கிக் கணக்கும் குடிமக்கள் எண்ணும் இல்லாமல் சுற்றுலாப் பயணி அதில் சேர முடியாது. இதனால்தான் நமக்குச் சில்லறை வேண்டியிருக்கிறது. கிராமத்துச் சாலையில் ஒரு சின்ன மரத்தட்டி இருக்கும், அதில் உருளைக்கிழங்கு, தேன், கோடையில் ஸ்ட்ராபெர்ரி. ஆள் இருக்க மாட்டார். மொபைல்பே எண் ஒட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு உண்டியல் டப்பா. ஆப் இல்லாதவர் சரியான காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், மீதி தர யாரும் இல்லை. பழைய பொருள் சந்தைகளிலும் இதே கதை.

அப்புறம் கோயில். டென்மார்க்கின் மேற்குப் பகுதியான யூட்லாந்துப் பக்கம் ஹெர்னிங்கில் சித்திவிநாயகர், பிராண்டேயில் அபிராமி அம்மன் என்று ஈழத்தமிழர்கள் நடத்தும் கோயில்கள் இருக்கின்றன. திருவிழாவுக்குப் போகிறவர்கள் தட்டில் போடச் சில நூறு குரோனர் நோட்டுகளை வைத்துக்கொள்வது வசதி.

ஆள் இருக்கும் கடைகள் பகல் நேரத்தில் நோட்டை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று டென்மார்க்கில் சட்டம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை மறுக்கலாம். ஆளில்லாத மெஷின்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

கடையில் தண்ணீரோ சோடாவோ வாங்கினால் விலைக்கு மேல் ‘பண்ட்’ என்று ஒரு முன்பணம் சேரும். கேனுக்கும் சிறிய கண்ணாடிப் பாட்டிலுக்கும் 1 குரோனர், ஒரு லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 1.50, பெரியதற்கு 3. காலிப் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் மெஷினில் ஒவ்வொன்றாகப் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் காசு. சில மெஷின்களில் நன்கொடை என்று இன்னொரு பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் புண்ணியம் மட்டும்தான் மிஞ்சும்.

பக்கத்து நாட்டுப் பணத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

கோபன்ஹேகனிலிருந்து ஓரெசுண்ட் பாலம் தாண்டினால் சுவீடனின் மால்மோ. ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கேயும் பணத்தின் பெயர் குரோனாதான், விலைச் சீட்டிலும் அதே கே.ஆர். (kr) என்ற சுருக்கம்தான். ஆனால் அது வேறு பணம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டென்மார்க், சுவீடன், நார்வே மூன்றுக்கும் காசு ஒரே மதிப்பில் இருந்தது. முதல் உலகப் போரோடு அது முடிந்தது. இன்று சுவீடன் பணமும் நார்வே பணமும் எதோடும் பிணைக்கப்படாமல் சந்தையில் மிதக்கின்றன, 7.46 கணக்கு அங்கே செல்லாது. சமீப ஆண்டுகளில் ஒரு டேனிஷ் குரோனருக்கு ஏறக்குறைய ஒன்றரை சுவீடன் குரோனா கிடைக்கிறது. மால்மோ கடையில் டேனிஷ் நூறை நீட்டி அவர்கள் அதை அவர்கள் ஊர் நூறாக எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு போனது. ஒரு நாள் பயணத்துக்கு அட்டை மட்டும் போதும், நோட்டு மாற்றவே வேண்டாம்.

டென்மார்க் அரசின் கீழ் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நோட்டு தனி அச்சு, மதிப்பு ஒன்றுக்கு ஒன்று. டேனிஷ் நோட்டும் அங்கே செல்லும். ஆனால் ஃபாரோ நோட்டைக் கோபன்ஹேகன் கடையில் வாங்க மாட்டார்கள், தீவை விட்டுக் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள். அதே அரசின் கீழ் இருக்கும் கிரீன்லாந்தில் சாதாரண டேனிஷ் நோட்டுதான்.

திரும்பும்போது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 300 குரோனருக்கு மேல் பொருள் வாங்கினால் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையிலேயே படிவம் கேட்டு வாங்கி, ஒன்றியத்தை விட்டு வெளியேறும் விமான நிலையத்தில் பொருளைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். வரி திரும்பும் கவுண்டரில் ‘ரூபாயிலா யூரோவிலா’ என்று கேட்டால் பதில் உங்களுக்குத் தெரியும். குரோனரில், அட்டைக்கு.

காசுகளைப் பணமாற்றுக் கடைகள் பொதுவாக வாங்காது. கடைசி இரண்டு நாளில் ஓட்டைக் காசுகளைக் கொட்டிச் செலவழியுங்கள், பேக்கரியில் முறைக்காமல் வாங்கிக்கொள்வார்கள். நோட்டு மிச்சமிருந்தால், ஊரில் குரோனரை வாங்கும் கடை குறைவு என்பதை நினைவில் வையுங்கள், வாங்கினாலும் அடிமாட்டு விலைதான். ஓட்டல் பில்லில் பாதியை நோட்டாகவும் மீதியை அட்டையிலும் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். அதற்குப் பிறகும் மிஞ்சினால், இந்தியாவில் வசிப்பவர் 2,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதைத் திரும்பி வந்த 180 நாளுக்குள் வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற பணமாற்றுக் கடையிலோ கொடுத்துவிட வேண்டும்.